லித்தியம் மருந்தான கதை

வணக்கம் நேயர்களே. மனநல மருத்துவரான என்னிடம் நோயாளிகளின் வீட்டார் அடிக்கடி கேட்பது, "டாக்டர், இதுக்குப் புதுசா ஏதாவது மருந்து வந்திருக்கா?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஒருவருக்கு மனச்சோர்வும் கட்டுக்கடங்காத எழுச்சியும் மாறி மாறி வரும் பைபோலார் நோய் இருந்தால் அந்த வீடே தூக்கத்தைத் தொலைத்துவிடும். ஒரு புது மருந்து எவ்வளவு பாடுபட்டு வருகிறது என்பதை, இந்த நோய்க்குக் கொடுக்கும் லித்தியத்தை வைத்துச் சொல்கிறேன்.

ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் பிடிபட்டு, சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மூன்றரை ஆண்டு கைதியாக இருந்தவர். ஊர் திரும்பியதும் மெல்போர்னின் பண்டூரா மனநல மருத்துவமனையில் வேலை. ஆய்வுக்கூடம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, பயன்படாமல் கிடந்த ஒரு சமையலறைதான். எழுச்சியில் இருப்பவரின் உடம்பில் ஏதோ நஞ்சு ஊறுகிறது, அது சிறுநீரில் வெளியேறும் என்று எண்ணி, அந்தச் சிறுநீரைக் கினிப்பன்றிகளுக்கு ஊசியில் ஏற்றினார். பிறகு சிறுநீரில் இருக்கும் யூரிக் அமிலத்தைச் சோதிக்க, அது நன்றாகக் கரையட்டும் என்று லித்தியம் உப்பாக ஆக்கிக் கொடுத்தார். கினிப்பன்றிகள் சாதுவாகப் படுத்துவிட்டன. அவருடைய நஞ்சுக் கணக்கு தப்பு, ஆனால் அந்த அமைதியை அவர் கவனித்தாரே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தானே லித்தியத்தைச் சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் நோயாளிகளுக்குக் கொடுத்தார்.

முதல் நோயாளிக்கு 51 வயது, பல வருடமாக ஓயாத எழுச்சி. 1948 மார்ச்சில் மருந்து தொடங்கி, சில மாதங்களில் வீட்டுக்கே போய்விட்டார். அடுத்த ஆண்டு கேட் தன் கட்டுரையை வெளியிட்டார். பலரும் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், அதில் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் அந்த மனிதர் வீட்டில் மருந்தை நிறுத்திவிட்டார், நோய் திரும்பியது, மறுபடி லித்தியம் எடுத்து, அது உடம்பில் அளவு மிஞ்சி 1950இல் இறந்துபோனார். அமெரிக்காவிலும் சாப்பாட்டு உப்புக்குப் பதில் லித்தியம் குளோரைடு சேர்த்துக்கொண்ட இதய நோயாளிகள் சிலர் இறந்தார்கள்.

அப்புறம் யார் தொடுவார்கள்? டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோ தொட்டார். அவருடைய உடன்பிறந்தவருக்கே திரும்பத் திரும்ப மனச்சோர்வு வரும். 1954இல் போலி மாத்திரையோடு ஒப்பிட்டு முறையான ஆய்வை வெளியிட்டார், ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு என்று அளந்து கொடுக்கும் பழக்கமும் வேரூன்றியது. லித்தியம் ஒரு தனிமம், காப்புரிமை வாங்க முடியாது, அதனால் விற்கத் துடிக்கும் கம்பெனி எதுவும் இல்லை. அமெரிக்காவில் அனுமதி கிடைக்க 1970 ஆகிவிட்டது.

சரி, இப்போது லித்தியம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. நன்றாக இருக்கிறோமே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கோடையில் வியர்த்துக் கொட்டும்போதும், வயிற்றுப்போக்கு, வாந்தி வரும்போதும் உடம்பில் நீர் குறைந்து லித்தியம் அளவு ஏறிவிடும். கை நடுக்கம் கூடினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.