உங்கள் நாய் ஒன்றும் செய்யாது, சரி

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்கா அவர்களே, காங்கேயத்துப் பெரியோர்களே, பந்தலுக்கு வெளியே வண்டியில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருக்கும் தம்பிகளே, வணக்கம்.

மலை ஏறவும், குளக்கரையில் பறவை பார்க்கவும், விடியற்காலையில் சைக்கிள் மிதிக்கவும் போகிறவர்கள் இப்போது நாயையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். போன இடத்தில் அந்த நாய்க்குத் தேவை சுதந்திரமா, கயிறா? இதுதான் நடுவர் ஐயா கொடுத்த தலைப்பு. எதிரணித் தலைவர் அண்ணன் சுதந்திரத்துக்காகப் பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் கயிற்றுக்காகப் பேச வந்திருக்கிறேன். சுதந்திரம் என்று சொன்னாலே பாதிக் கைதட்டல் விழுந்துவிடும். கயிற்றுக்கு இதுவரை எந்த மேடையிலும் யாரும் கைதட்டியதில்லை. பரவாயில்லை.

அண்ணன் சொன்னதில் ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கோவையில் அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் ஆறு நாள் கிடக்கிற நாய்க்கு ஏழாவது நாளாவது காற்றும் மண்ணும் வேண்டும் என்றார். நியாயம். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயைத் தேவையான அளவு நடமாட விடாமல் இருப்பதையும் கொடுமைக் கணக்கில்தான் சேர்க்கிறது. அண்ணன் அதை எடுத்துக்காட்டியபோது நானும் தலையாட்டினேன். ஆனால் ஐயா, அந்தச் சட்டம் நாயை நடத்தச் சொல்கிறது. அடுத்தவர் ஆட்டுக்கு நடுவில் நடத்தச் சொல்லவில்லை.

நாயோடு உலாவுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. எதிரே வந்தவர் மிரண்டு ஒதுங்குவார். இருபது அடி பின்னால் வருகிற எசமான் சிரித்துக்கொண்டே சொல்வார்: “பயப்படாதீர்கள், ஒன்றும் செய்யாது.” சரி, செய்யாது. நம்புகிறேன். ஆனால் மிரண்டவர் பின்னால் கால் வைத்து வாய்க்காலில் விழுவதற்கு நாய் ஒன்றும் செய்ய வேண்டியதில்லையே! மொபெட்டில் பால் கேனோடு வருகிற அம்மா, நாய் குறுக்கே பாய்ந்ததற்காகப் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் போதும். பல் படாமலே கை முறிந்துவிடும். அண்ணன் நாயின் குணத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதை எதிரில் பார்க்கிறவர்களுக்காகப் பேசுகிறேன். அந்த அம்மாவுக்கோ, ஆட்டுக்கோ, மானுக்கோ, யானைக்கோ அண்ணனுடைய நாயின் ஜாதகம் தெரியாது.

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு, தன்னிடம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்ற நிலையில் போதிய ஏற்பாடு செய்யாதவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. கடித்த பிறகு அல்ல ஐயா, நேரக்கூடிய ஆபத்துக்கே. ‘நல்ல நாய்’ என்று அதில் விலக்கு எதுவும் இல்லை.

இப்போது நம் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டுக்கு வருகிறேன். காங்கேயத்தில் நின்றுகொண்டு கொறங்காட்டைப் பற்றி விளக்குவது அதிகப்பிரசங்கம்தான். நகரத்திலிருந்து வந்திருக்கும் எதிரணிக்காகச் சொல்கிறேன், உள்ளூர்க்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு வெள்வேல மரம், வாசலுக்கு ஒரு படல். மாட்டையும் செம்மறியையும் உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டு, தோட்டக்காரர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். கூடவே நின்று மேய்க்க ஆள் வேண்டியதில்லை என்பதுதான் கொறங்காட்டின் வசதி. ஊதியூர் மலைக்கு வந்தவர், கண்ணுக்கு ஆளே தெரியவில்லை, திறந்த வெளி என்று நினைத்துக் கயிற்றை அவிழ்க்கிறார். வேலியின் சந்து மனிதனுக்குப் போதாது, நாய்க்குப் போதும்.

உள்ளே என்ன நடக்கும்? நாய் விளையாடத்தான் போகிறது. செம்மறிக்கு அது விளையாட்டு என்று தெரியாது. மந்தை மொத்தமும் ஒரு மூலைக்கு ஓடி, முள்வேலியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரியும். அடியில் சிக்கிய குட்டி மூச்சுத் திணறிச் சாகும். சினை ஆட்டுக்குக் கரு கலையும், அதுவும் அன்றைக்கே தெரியாது. உடம்பில் ஒரு பல் காயம் இருக்காது. ‘என் நாய் கடிக்கவே இல்லை’ என்று அண்ணன் சத்தியம் செய்யலாம், அந்தச் சத்தியம் உண்மையாகவும் இருக்கும்!

இந்த வட்டாரத்தில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கொன்றதற்கு இழப்பீடு கேட்டு, செத்த ஆடுகளோடு விவசாயிகள் சாலைக்கு வந்து போராடியதை நாம் பார்த்தோம். அந்த வேதனையில் இருக்கிறவர், தன் காட்டுக்குள் ஒரு நாய் மந்தையை விரட்டுவதைக் கண்டால், கழுத்தில் பட்டை இருக்கிறதா, என்ன ஜாதி, என்ன விலை என்று நின்று பார்ப்பாரா? கையில் இருப்பதை எறிவார். கயிறு அவருடைய ஆட்டுக்கு மட்டும் காவல் இல்லை, உங்கள் நாய்க்கும்தான்.

“தோட்டத்து நாய் அவிழ்த்துத்தானே கிடக்கிறது, அதற்கு ஒரு நியாயம், எங்கள் நாய்க்கு ஒரு நியாயமா?” என்று அண்ணன் கேட்டார். தோட்டத்து நாய்க்கு அந்த எல்லை தெரியும், அந்தப் பட்டியில் பிறந்த குட்டியை முகர்ந்து பார்த்து வளர்ந்தது அது. அப்படியும் பல தோட்டங்களில் பகலில் கட்டிவைத்து இரவில்தான் அவிழ்க்கிறார்கள். உங்கள் நாய் அங்கே ஒறம்பரை, அதாவது விருந்தாளி. ஒறம்பரை போன வீட்டில் நேராக அடுப்படிக்குள் நுழைந்து சட்டியைத் திறப்பது நம் பக்கத்து வழக்கம் இல்லை.

அண்ணன் ஒரு நடுகல்லையும் தூக்கிக்கொண்டு வந்தார். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் 7-ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல். எசமானோடு அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்து, கள்வரைக் கடித்துக் காத்து நின்றதாக எழுதியிருக்கிறார்கள். அருமையான கல். நாய்க்குப் பெயர் சொல்லிக் கல்வெட்டு வைத்த இனம் நாம் என்று அண்ணன் சொன்னபோது எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் கோவிவன் கள்வரைத்தான் கடித்தது. விடுமுறைக்கு ஊர் பார்க்கப் போய் அடுத்தவர் மந்தையைக் கலைத்ததற்காக அதற்குக் கல் நடவில்லை. காவலுக்கு நட்ட கல் எங்கள் அணிக்குத்தான் சேரும். பேசி முடித்ததும் எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா பேசும்போது, “பயிற்சி கொடுத்த நாய்க்குக் கயிறு எதற்கு? கூப்பிட்டால் வந்துவிடும்” என்றார். நல்ல பயிற்சி நல்லதுதான், அதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் நம் பக்கத்தில் ஆசையாக வளர்க்கிற சிப்பிப்பாறையையும் கன்னியையும் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்து, ஓடுகிறதை ஓடிப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த நாய்கள். முயல் கிளம்பிய அந்த நொடியில் அதன் உடம்பு முழுக்கக் கண்ணாகிவிடுகிறது. காது எங்கே இருக்கிறது? நீங்கள் விசில் அடித்துக்கொண்டே இருப்பீர்கள், அது பக்கத்து ஊர் எல்லையில் இருக்கும்.

முயல்தானே என்று இளக்காரமாகச் சொல்லக்கூடாது. காட்டு முயலும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்புப் பெற்ற உயிர். அந்தச் சட்டம் வேட்டை என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்தில் கொல்வது மட்டும் இல்லை, துரத்துவதும் விரட்டுவதும் இருக்கிறது. நாயை ஏவி முயல் பிடிப்பதை இன்னும் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்காக இந்த மேடையில் எந்த அணியும் பேசாது என்று நம்புகிறேன்.

மானுக்கு நேர்வது இன்னும் கொடுமை. துரத்தப்பட்ட மான் தப்பித்துவிட்டது, நாய் நாக்கைத் தொங்கப்போட்டுத் திரும்பி வந்துவிட்டது, கதை முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். அளவுக்கு மீறிய ஓட்டத்திலும் பயத்திலும் மானின் தசை சிதைந்து, அந்தக் கழிவு இரத்தத்தில் கலந்து, சிறுநீரகமோ இதயமோ நின்று, சில மணி நேரமோ சில நாளோ கழித்து அது செத்துப்போக முடியும். அப்போது நாயும் எசமானும் கோவைக்குத் திரும்பி, எடுத்த படங்களைப் போட்டு முடித்திருப்பார்கள்.

நடுவர் ஐயா, இந்த இடத்தில் என் அணியைவிட ஒரு படி மேலே போகிறேன், தலைவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களின் பக்கம் போவதென்றால் கயிறும் போதாது. நாய் வீட்டிலேயே இருக்கட்டும். யானையைக் கண்ட நாய் என்ன செய்யும் என்று காட்டோரத்தில் மாடு மேய்க்கிறவரைக் கேளுங்கள். குரைத்துக்கொண்டே முன்னால் ஓடும். யானை திரும்பித் துரத்தும். பயந்த நாய் எங்கே வரும்? உங்கள் கால்களுக்கு நடுவில்தான் வரும். பின்னாலேயே யானையும் வரும். கரடியானாலும் இதே கணக்குதான். சிறுத்தைக்கோ நாய் பிடித்தமான இரை. சில ஆண்டுகளுக்கு முன் ஊதியூர்ப் பக்கமே சிறுத்தை நடமாட்டம் என்று செய்தி வந்தபோது, நாயை மாலை ஆறு மணிக்கே வீட்டுக்குள் அடைத்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள்.

கண்ணுக்குத் தெரிகிற ஆபத்தைச் சொன்னேன், தெரியாதது ஒன்று இருக்கிறது. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. அவற்றில் டிஸ்டெம்பர் என்ற கொடிய தொற்றுநோயின் வைரஸ் இருப்பதைக் கண்டறிந்தார்கள். நாய்களுக்கு வருகிற அதே டிஸ்டெம்பர்தான். 1994-இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிங்கங்களை அது கொண்டுபோனது. நம் காட்டில் சிங்கம் இல்லை என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம். செந்நாய் இருக்கிறது. வளர்ந்த செந்நாய்கள் உலகம் முழுவதும் 2,500-க்கும் குறைவு என்பது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் மதிப்பீடு. அவற்றில் சில கூட்டங்கள் ஆனைமலையிலும் சத்தியமங்கலத்திலும் நமக்கு அண்டை வீட்டுக்காரர்கள். நாய்க்கு வருகிற டிஸ்டெம்பரும், பார்வோ என்ற வயிற்றுப்போக்கு வைரஸும் செந்நாய்க்கும் வரும். பார்வோ நாயின் மலத்தோடு வெளியேறி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தடுப்பூசி போடாத நாயைக் காட்டுப் பாதையில் விட்டு, அது கழித்ததை அப்படியே விட்டுவிட்டு வருகிறவர், தான் ஒரு வழிப்போக்கர் என்று நினைத்துக்கொள்கிறார். ஆகவே கயிறு என்று நாங்கள் சொல்லும்போது தடுப்பூசியும், மலத்தை அள்ளிக்கொண்டு வரும் பையும் அதோடு சேர்ந்தே வருகின்றன. பையைப் பற்றி இதற்குமேல் பேசமாட்டேன், சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது.

வெறிநோய்க்கு வருகிறேன். குன்னூரில் வெறிநோய்ச் சிகிச்சைக்கான பாஸ்டர் நிறுவனம் எப்படி வந்தது தெரியுமா? 1902-இல் ஒரு வெள்ளைக்கார இளம்பெண்ணை வெறிநாய் கடித்தது. அன்று சிகிச்சைக்கு இமயமலைப் பக்கம் கசௌலிக்குப் போக வேண்டும். அவள் பிழைக்கவில்லை. அந்தச் சாவுக்குப் பிறகு எழுந்த முயற்சியில்தான் 1907-இல் நம் மலை மேலேயே நிறுவனம் திறந்தது. அன்று மருந்து தொலைவில் இருந்தது, இன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறது. ஆனால் நோய் வந்த பிறகு காப்பாற்ற இன்றும் வழியில்லை. அவிழ்த்துவிட்ட நகரத்து நாய் ஊருக்குள் ஓடி உள்ளூர் நாய்க் கூட்டத்தோடு மல்லுக்கு நிற்கும்போது, கடித்தது எது, கடிபட்டது எது, அதற்கு ஊசி போட்டிருக்கிறதா என்று யார் கணக்கு வைப்பது? விலக்கப் போகிற எசமானின் கையில்தான் முதல் பல் இறங்கும். இறங்கினால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். போட்டியில் நான் தோற்றாலும் இதை மறக்காதீர்கள்.

பறவை பார்க்கிறவர்களிடம் சண்டைக்குப் போக எனக்கு விருப்பமில்லை, பொறுமைசாலிகள். ஆனாலும் திருப்பூரின் நஞ்சராயன் குளம் 2024-இல் உலக முக்கியத்துவம் பெற்ற நீர்நிலைகளின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடு பறவைகள் சரணாலயம் அதற்கு முன்பே சேர்ந்துவிட்டது. இப்படிப்பட்ட குளங்களைச் சுற்றிலும் ஆள்காட்டிக் குருவி வெறும் தரையில்தான் முட்டையிடும். பைனாக்குலரில் தூரத்து நாரையைப் பார்க்கிறவர் காலடியில் தன் நாய் எதை மிதிக்கிறது என்று பார்ப்பதில்லை.

சைக்கிள்காரர்களுக்கு ஒன்று. நாய்க்கு நம்மைப் போல் உடம்பு முழுக்க வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். எசமான் மிதிக்கும்வரை அதுவும் பின்னால் ஓடும், விழும்வரை ஓடும். ஈரோடு, கரூர் வெயிலில் தார் சாலையில் உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் அங்கே கூடாது. கான்கிரீட் பூசிய வாய்க்காலில் குதித்த நாயால் கரையேற முடியாது. காப்பாற்றக் குதிப்பவருக்கும் அதே கதிதான்.

அப்படியானால் ஓடவே விடக்கூடாதா என்று அக்கா முறைக்கிறார். விடுங்கள் அக்கா! வேலி சரியாக இருக்கிற நண்பர் தோட்டத்தில், ஆடு மாடு இல்லாத நேரத்தில், அவரிடம் கேட்டுவிட்டு விடுங்கள். மற்ற இடத்தில் நெஞ்சுப் பட்டையும் பத்து மீட்டர் கயிறும் போதும். அந்தப் பத்து மீட்டருக்குள் முகர்வதற்கு இருக்கிற சங்கதியை ஒரு நாய் ஒரு காலை முழுவதும் முகர்ந்தாலும் தீர்க்காது.

ஐயா மணி அடித்துவிட்டார். அடுத்து வரும் எதிரணி அண்ணனுக்கு ஒரு கேள்வியை மட்டும் வைத்துவிட்டு உட்காருகிறேன். உங்கள் நாய் மொட்டைமாடியில் கூப்பிட்டால் திரும்புகிறது. கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் கூப்பிட்டாலும் திரும்புகிறது. கண்ணெதிரே முயல் எழுந்து ஓடும்போது கூப்பிட்டால் திரும்புமா என்பதை யாருடைய காட்டில் சோதித்துப் பார்த்தீர்கள்? அந்தக் காட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தானே சோதித்தீர்கள்?