மெட்ஃபார்மின் மாத்திரையை எந்த நாளில் போடக் கூடாது?

வணக்கம். சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் பெரும்பாலும் முதலில் எழுதித் தரப்படும் மாத்திரை மெட்ஃபார்மின். 1957-லிருந்து சர்க்கரை நோய்க்குப் பயன்பட்டு வரும், நல்ல மருந்து. ஆனால் தினமும் போட்டுப் பழகிவிட்டதாலேயே, எந்த நாளில் இதை நிறுத்தி வைக்க வேண்டும் என்று பலருக்கும் தெரிவதில்லை. இந்த வீடியோ அதற்காகத்தான்.

[திரையில்: கல்லீரல், சிறுநீரகம்]

நாம் சாப்பிடாத நேரத்திலும் கல்லீரல் குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அதை மெட்ஃபார்மின் குறைக்கிறது. அப்புறம், உடம்பு இந்த மருந்தைச் சிதைப்பதில்லை, அது அப்படியே சிறுநீரகம் வழியாக வெளியேறிவிடுகிறது. இதை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் முக்கியமான எச்சரிக்கைகள் இங்கிருந்துதான் வருகின்றன. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் மருந்து உள்ளேயே தேங்கும், கூடவே ரத்தத்தில் லாக்டிக் அமிலமும் ஏறலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து.

அதனால் வருடத்துக்கு ஒரு முறையாவது கிரியேட்டினின் பரிசோதனை செய்து, ரிப்போர்ட்டில் இஜிஎஃப்ஆர் (eGFR), அதாவது சிறுநீரகம் ரத்தத்தை எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் எண், எவ்வளவு என்று பாருங்கள். 30-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் கூடாது. 30-க்கும் 45-க்கும் நடுவில் என்றால் அளவைக் குறைப்பதா, தொடர்வதா என்று டாக்டர் முடிவெடுப்பார்.

சரி, எந்த நாளில் போடக் கூடாது? விடாமல் வாந்தி, பேதி, தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை, கடும் காய்ச்சலில் சாப்பாடும் இறங்கவில்லை என்றால், உடம்பில் நீர் வற்றி, நேற்றுவரை நன்றாக இருந்த சிறுநீரகம்கூடத் திணறும். அன்றைக்கு வழக்கம்போல மாத்திரையை எடுத்து வாயில் போடாதீர்கள், டாக்டருக்கு போன் செய்து நிறுத்தி வைக்கலாமா என்று கேளுங்கள். பழையபடி சாப்பிடவும் குடிக்கவும் முடிகிற வரை நிறுத்தச் சொல்வதுதான் வழக்கம். ஆனால் இன்சுலின் போடுகிறவர்கள் அதையும் சேர்த்துத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது, காய்ச்சல் நேரத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

சாயம் ஏற்றி சிடி ஸ்கேன் எடுக்கப் போகிறீர்கள் என்றால் மெட்ஃபார்மின் போடுவதை முன்கூட்டியே சொல்லுங்கள், சிலருக்கு ஸ்கேனிலிருந்து 48 மணி நேரம் நிறுத்தி, சிறுநீரகத்தைப் பரிசோதித்துவிட்டுத்தான் மறுபடி தொடங்குவார்கள். மது அதிகம் குடிப்பதும் லாக்டிக் அமிலம் ஏறும் ஆபத்தைக் கூட்டுகிறது. மூச்சு வேகமாக வாங்குவது, வயிற்று வலி, காரணமில்லாத தசை வலி, எழவே முடியாத அசதி, உடம்பு சில்லிடுவது இவையெல்லாம் சேர்ந்து வந்தால் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

[திரையில்: சாப்பாட்டுத் தட்டு, அருகில் மாத்திரை]

தொடக்கத்தில் வரும் குமட்டலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் பயந்து நிறைய பேர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள், அது வேண்டாம். சாப்பாட்டோடு போட்டால், அளவையும் மெதுவாக ஏற்றினால், பெரும்பாலும் அடங்கிவிடும். எக்ஸ்ஆர் (XR), அதாவது மருந்தை மெதுவாக வெளிவிடும் வகை, என்று போட்ட மாத்திரையை உடைக்காமல், மெல்லாமல் விழுங்குங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகப் போடாதீர்கள்.

மெட்ஃபார்மின் மட்டும் போட்டால் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்வது அரிது, ஆனால் கூடவே கிளிமெபிரைடு என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் தாழலாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்து அளவு 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரை சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். வருடக்கணக்கில் இதைப் போடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், கால் மரத்துப்போனால் அதையும் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிடாமல் பி12 பரிசோதனையை டாக்டரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.