அரை மணி நேர அடுப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

சனிக்கிழமை விடிந்தால் பெங்களூர்க்காரர்களில் பாதிப் பேர் கேம்ப்பிங் என்று ஊரைவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். சாவனதுர்கா, மாகளிதுர்கா, கோலார் பக்கம் அந்தரகங்கே, காவிரிக் கரையில் பீமேஸ்வரி என்று போக இடத்துக்குப் பஞ்சமில்லை. டெண்ட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் வாடகைக்கே கிடைக்கின்றன. சாப்பாட்டு மூட்டையைப் பிரித்தால் மட்டும் எல்லாரிடமும் நூடுல்ஸ் பாக்கெட்டும், மசாலா தடவிய கோழியும்தான் இருக்கும்.

நூடுல்ஸைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மைதாவும் உப்பும், மலை ஏறி வந்தவனுக்கு ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். கோழி விஷயம் அப்படி விடக்கூடியதல்ல. காலையில் மசாலா தடவி, டிக்கியில் வைத்து, மைசூர் ரோடு நெரிசலில் நின்று, ராத்திரி எட்டு மணிக்கு அதை நெருப்பில் காட்டுகிறோம். ஐஸ் போட்ட பெட்டி இல்லாமல் அத்தனை நேரம் பச்சை இறைச்சியை வெளியில் வைத்திருப்பது ஆபத்து. டார்ச் வெளிச்சத்தில் மேலே கருகியது தெரியும், எலும்போரம் வேகாதது தெரியாது. அசைவம் வேண்டும் என்றால் முட்டை எடுத்துப் போங்கள். அதுவே போதும்.

நான் கடைப்பிடிப்பது ஒரே கணக்குதான். கேம்ப்பில் ஒரு வேளைக்கு அடுப்பு அரை மணிக்கு மேல் எரியக் கூடாது. மீதிச் சமையலெல்லாம் வீட்டிலேயே, முதல் நாளே முடிந்துவிட வேண்டும். காரணம் கேட்பீர்கள். சின்ன கேஸ் அடுப்புக்கு வருகிற டப்பாவில் ஏறத்தாழ 225 கிராம் எரிவாயு இருக்கும். முழு வேகத்தில் எரித்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துபோகும். விறகு பொறுக்கிச் சமைக்கலாமே என்றால், காட்டுப் பகுதியில் தீ மூட்ட அனுமதி கிடையாது. 2019 பிப்ரவரியில் பந்திப்பூர் காடு பற்றி எரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பிப்ரவரி தொடங்கி முதல் மழை வரைக்கும் சருகு அப்படிக் காய்ந்து கிடக்கும். ரயிலில் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: எரிவாயு டப்பாவை ரயிலில் கொண்டுபோகக் கூடாது. அடுப்பு தருகிற முகாமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

முதல் நாள் மதியத்துக்கு அடுப்பே வேண்டாம். நம் பாட்டிமார் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு எதற்கு இருக்கிறது? புளியோதரை கெடாமல் நிற்பதற்குப் புளியின் புளிப்பும், சோற்றைச் சுற்றிப் படிகிற நல்லெண்ணெயும் காரணம். தேங்காய் ஒரு துருவல்கூட அதில் விழக் கூடாது. ஆனால் ஒன்று, சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்டுப் பிறகு கட்டுங்கள். சூடாக மூடிவைத்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகும். அது உண்டாக்கும் நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. பெங்களூர்க் குளிரை நம்பிக் கிளம்பாதீர்கள், பீமேஸ்வரியில் இறங்கினால் வெயில் கொளுத்தும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் அன்றைக்கே தீர்ந்துவிட வேண்டும்.

சாயங்காலம் டெண்ட் அடித்த களைப்பில் எல்லாரும் எதையாவது கொறிக்கத் தேடுவார்கள். அதற்குக் கோசம்பரி. ராமநவமிக்கு இந்த ஊர்த் தெருக்களில் பானகத்தோடும் நீர்மோரோடும் கொடுப்பார்களே, அதேதான். பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, வெள்ளரியும் கேரட்டும் சேர்த்து எலுமிச்சம்பழம் பிழிந்தால் ஆயிற்று. உப்பைக் கடைசியில் போடுங்கள், முன்னாலேயே போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். பருப்பைப் பச்சையாகச் சாப்பிடுகிறோம் என்பதால் ஊறவைக்கிற தண்ணீரும் குடிக்கிற தண்ணீராகவே இருக்கட்டும். ஓடைத் தண்ணீர்தான் உண்டு என்றால் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவைத்து ஆற்றிக்கொள்ளுங்கள்.

ராத்திரிக்குப் பொங்கல். இரண்டு பங்கு அரிசி அல்லது தினை, ஒரு பங்கு வறுத்த பாசிப்பருப்பு, இடித்த மிளகு, சீரகம், உப்பு எல்லாவற்றையும் வீட்டிலேயே ஒரே பையில் கலந்துவிடுங்கள். துவரம்பருப்பை இதில் இழுக்காதீர்கள். மலைமேல் அது சுலபத்தில் வேகாது. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை இறங்கிக்கொண்டே போகும். பெங்களூரிலேயே 97 டிகிரிதான். இன்னும் உயரமான முள்ளயனகிரி மலைப் பக்கம் போனால் 94க்கும் கீழே. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகும் என்று காத்திருந்தால் கேஸ் தீரும், பருப்பு அப்படியே கிடக்கும். அதனால்தான் கனமானாலும் மூன்று லிட்டர் குக்கரைக் கூடவே எடுத்துப் போகச் சொல்கிறேன். மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுக் குக்கரைப் பழைய போர்வையால் சுற்றிவையுங்கள். மிச்ச வேக்காட்டை உள்ளிருக்கிற சூடே பார்த்துக்கொள்ளும். காய்க்குக் கேரட்டும் சௌசௌவும் நல்லவை. முழுசாகக் கொண்டுபோய் அங்கே நறுக்குங்கள்.

மறுநாள் காலை உப்புமா என்றதும் முகம் சுளிக்காதீர்கள். இதன் ருசி முழுக்க வீட்டில் செய்கிற கலவையில் இருக்கிறது. எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் தாளித்து, கறிவேப்பிலையைப் போட்டுப் பொறுமையாக நில்லுங்கள். விரலால் நசுக்கினால் சருகாக நொறுங்க வேண்டும். இலை வதங்கிய பதத்தில் இருந்தால் அந்த ஈரமே டப்பா முழுவதையும் கெடுத்துவிடும். பிறகு ரவையைக் கொட்டி, மணம் வரும்வரை வறுத்து, உப்பு சேர்த்து, முழுக்க ஆறிய பின் டப்பாவில் அடையுங்கள். இஞ்சியும் பச்சை மிளகாயும் தனியாக வரட்டும். அங்கே இரண்டரை டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஒரு டம்ளர் கலவையைத் தூவிக் கிளறி மூடினால் ஐந்து நிமிட வேலை. கைப்பிடி வேர்க்கடலை சேர்த்தால் புரதமும் ஆயிற்று.

குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் கேழ்வரகுக் கஞ்சி. கர்நாடகத்தில் இருந்துகொண்டு ராகியை விட்டுவிட்டு ஓட்ஸ் டப்பா தூக்குகிறவர்களை என்ன சொல்ல! 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு கொதிநீரில் ஊற்றிக் கிளறினால் கட்டி தட்டாது. மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் குடித்தால் வெயிலில் நடப்பதற்குத் தெம்பு.

சாப்பாட்டு மூட்டையை டெண்ட்டுக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். சாவனதுர்காவில் குரங்குகளின் கை உங்கள் பை வரைக்கும் வரும். ராமநகரம் பக்கத்துக் குன்றுகளில் கரடி உண்டு. காவிரிக் கரைக் காடுகளில் யானை. வாழைப்பழம், வெல்லம், உப்பு, அரிசி எல்லாம் யானைக்குப் பிடித்த சாமான்கள், வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். காரில் வைத்துப் பூட்டிவிடுங்கள். மிச்சம் மீதியையும் அங்கே கொட்டாமல் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள்.

காபி இல்லாமல் நம்மவர்களுக்கு விடியாது, தெரியும். கிளம்புகிற அன்று கெட்டியாக டிகாக்‌ஷன் இறக்கி, சின்ன பாட்டிலில் காற்றுப் புகாமல் மூடி எடுத்துப் போனால் மறுநாள் காலை வரை தாங்கும். பால் பவுடரை வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் கரைத்துக்கொண்டு பிறகு சூடு பண்ணுங்கள், திரியாது. டிகாக்‌ஷனைக் கொதிக்க மட்டும் விடாதீர்கள், கசந்துபோகும்.

வணக்கம்.