பழைய வரைபடத்தில் இருந்தது, புதியதில் இல்லாதது

எல்லோருக்கும் வணக்கம். நான் கருவியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இல்லை. மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கிற மெட்டல் டிடெக்டரில் எதை வாங்கலாம் என்பதைக் கடைசியில் கேளுங்கள், சொல்கிறேன். இப்போது பேசப் போவது கருவியைத் தொடுவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலையைப் பற்றி.

ஆரம்பத்தில் மண்ணுக்குள் கிடக்கும் பழைய காசுகளை நான் எப்படித் தேடினேன் தெரியுமா? அனுமதி கிடைத்த வயலின் ஒரு மூலையில் தொடங்கி மறு மூலை வரை நடப்பேன். பொழுது சாயும்போது பை நிறைய பாட்டில் மூடிகள் இருக்கும், வேறொன்றும் இருக்காது. தரையை ஒட்டி ஆட்டுகிற வட்டத் தட்டு, அதாவது காயில், அதன் அகலம் ஒரு அடிகூட வராது, வயலோ ஏக்கர் கணக்கில் கிடக்கிறது. எங்கே தேடுவது என்று தெரியாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் கைத்தடிதான்.

பழைய வரைபடத்தையும் இன்றையதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பழையதில் இருந்து, புதியதில் காணாமல் போனது எதுவோ அதை மட்டும் பாருங்கள். உடனே எல்லோரும் பெரிய மாளிகை இருந்ததா என்று தேடுவார்கள். நான் அதைத் தேடமாட்டேன். காசு கீழே விழ ஆள் பணக்காரராக இருக்க வேண்டியதில்லை, அவர் குனிய வேண்டும், எதிலாவது ஏற வேண்டும், பைக்குள் கைவிட வேண்டும், அவ்வளவுதான். அதனால் படகுத்துறை, கிணறு, சந்தைத் திடல், ஒற்றையடிப் பாதை, இவைதான் என் கண்ணில் முதலில் படும்.

பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வே 19ஆம் நூற்றாண்டில் அச்சிட்ட தாள்களையே எடுத்துக்கொள்வோம். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பழைய தாளைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மங்கவைத்துப் பார்க்கலாம். வயலுக்குக் குறுக்கே விட்டுவிட்டு ஒரு கோடு போகும், பக்கத்தில் 'எஃப்.பி.' என்று இரண்டு எழுத்து இருக்கும். நடைபாதை என்று அர்த்தம். அந்தக் கோடு வேலியைத் தொடுகிற இடத்தில் நில்லுங்கள். வேலியைத் தாண்ட அங்கே ஒரு படியோ சின்னக் கதவோ இருந்திருக்கும், எத்தனையோ பேர் காலைத் தூக்கி வைத்து ஏறியிருப்பார்கள். இன்றைக்கு வேலியும் இல்லை, படியும் இல்லை, நான்கு வயல்கள் சேர்ந்து ஒரே வயலாகிவிட்டது. நேரில் போய் நின்றால் எதுவுமே தெரியாது!

1836ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தசமபாகம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குக் கொடுக்கும் வரி, அதைக் கணக்கிடுவதற்காக வரைந்த தசமபாக வரைபடங்களும் உண்டு. அவற்றோடு வரும் பட்டியலில் வயல்களுக்கு எண்ணும் பெரும்பாலும் பெயரும் இருக்கும். வெறும் புல்வெளிக்குச் 'சந்தை வயல்' என்று பெயர் இருந்தால் காரணம் இல்லாமலா இருக்கும்?

சரி, ஒரு சின்னக் கணக்கு. ஆர்டனன்ஸ் சர்வேயின் பெரிய அளவுத் தாள் 1:2,500. அதில் ஒரு மில்லிமீட்டர் தரையில் இரண்டரை மீட்டர். அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் பழைய தாள்கள் பல 1:62,500, அதில் அதே மில்லிமீட்டர் 62.5 மீட்டர். அங்கே ஒரு வீட்டைக் காட்டுகிற கறுப்புக் கட்டத்தைப் பார்த்துவிட்டு நேராகப் போய்த் தோண்டினால் ஏமாற்றம்தான். அந்தக் கட்டம் தேட வேண்டிய பகுதியைத்தான் காட்டுகிறது. பழைய காகிதம் சுருங்கியும் இருக்கும். அதனால் பழைய தாளையும் இன்றைய படத்தையும் பொருத்தும்போது தேவாலயம், பாலம், சாலை சந்திப்பு மாதிரி நகராத அடையாளங்களை எடுங்கள், அதுவும் நீங்கள் தேடும் இடத்தைச் சுற்றியே எடுங்கள். ஆற்றங்கரையை நம்பாதீர்கள், ஆறு இடம் மாறும்.

அப்புறம், ஆர்டனன்ஸ் சர்வே தாள்களில் தொன்மையான இடங்களைப் பழங்கால கோதிக் எழுத்தில் எழுதியிருப்பார்கள். புதிதாக வருபவர்கள் அதைப் பார்த்ததும் அங்கேதான் ஓடுவார்கள். ஓடாதீர்கள். அவற்றில் பல இன்று பாதுகாக்கப்பட்ட சின்னங்கள், இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி இல்லாமல் அங்கே கருவியைப் பயன்படுத்துவதே குற்றம். மற்ற நாடுகளில் விதி வேறாக இருக்கும், முதலில் அதைப் படியுங்கள், நிலத்துக்காரரிடம் கேளுங்கள்.

கடைசியாக, வரைபடம் காட்டிய வீட்டு மனைக்குப் போனதும் கருவி இரும்பு, இரும்பு என்று கத்தும். எல்லாம் ஆணிகள். பலர் சலித்துப்போய்த் திரும்பிவிடுகிறார்கள். எனக்கோ அந்தச் சத்தம் கேட்டால் சந்தோஷம், ஏனென்றால் வீடு இருந்த இடம் அதுதான். ஆணிக் குப்பைக்கு நடுவே நல்ல சிக்னல் அமுங்கிப்போகும், அதனால் சின்னக் காயிலை மாட்டி மெதுவாக ஆட்டுங்கள். ஆணிகள் குறையத் தொடங்கும் விளிம்புக்கு வந்ததும் வரைபடத்தை மறுபடி எடுத்து, கிணறு எந்தப் பக்கம் என்று பாருங்கள். வாசலுக்கும் கிணற்றுக்கும் நடுவில் தினமும் நடந்திருப்பார்கள், அந்த வழியைத்தான் நான் முதலில் தேடுவேன்.

சரி, இப்போது எந்தக் கருவி வாங்கலாம் என்று கேளுங்கள்.