குண்டுத் துண்டில் இருந்த எண்

நேயர்களுக்கு வணக்கம்.

2018 ஆகஸ்ட் 9. ஏமன் நாட்டின் வடக்கே, சாதா மாகாணத்தில் தஹ்யான் என்றொரு ஊர். சுற்றுலா கிளம்பிய சிறுவர்களின் பேருந்து சந்தையில் நின்றபோது, சவுதி கூட்டணியின் விமானம் அதன்மேல் குண்டு போட்டது. 51 பேர் இறந்தார்கள், அதில் 40 பேர் குழந்தைகள் என்றது செஞ்சிலுவைச் சங்கம். பேருந்துக்குள் பிள்ளைகள் கூச்சலும் கும்மாளமுமாக இருப்பதை ஒரு பையன் செல்போனில் எடுத்திருந்தான். அந்த வீடியோவை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை.

அந்த இடத்தில் கிடந்த குண்டுத் துண்டு ஒன்றில் சில எண்கள் இருந்தன. படத்தைப் பார்த்த ஆயுத வல்லுநர்கள், அது சுமார் 227 கிலோ எடையுள்ள எம்.கே. 82 வகை குண்டு, லேசர் ஒளி காட்டும் இலக்கை நோக்கிப் பாய்வது, தயாரித்தது அமெரிக்காவின் லாக்ஹீட் மார்ட்டின் என்றார்கள்.

ஆயுத வியாபாரிகள்தான் போரையே மூட்டிவிடுகிறார்கள் என்று நாம் சொல்வதுண்டு. ஏமனில் அப்படி இல்லை. ஹூத்திகள் என்ற கிளர்ச்சிக்காரர்கள் தலைநகர் சனாவைப் பிடித்தார்கள். 2015 மார்ச்சில் சவுதி உள்ளே இறங்கியது. அந்தச் சண்டைக்கு அதற்கென்று காரணங்கள் உண்டு. ஆனால் மூண்ட போரை நிறுத்த மனம் வராமல் செய்கிறதே இந்த வியாபாரம், எனக்கு ஆத்திரம் அங்கேதான்.

ஒரு நிறுவனம் தன் இஷ்டத்துக்கு இன்னொரு நாட்டுக்குக் குண்டு விற்றுவிட முடியாது. அரசின் அனுமதி வேண்டும். பெரிய பேரங்களில் அமெரிக்க அரசே கம்பெனியிடம் வாங்கி வெளிநாட்டு அரசுக்குக் கைமாற்றுகிறது. அதாவது தரகரும் அரசுதான், தடுக்க வேண்டிய காவல்காரரும் அரசுதான். 2018 மார்ச்சில் சவுதி இளவரசரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவர்கள் வாங்கும் ஆயுதங்களின் விலைப் பட்டியலை அட்டையில் தூக்கிக் காட்டினார் டிரம்ப். அந்த அட்டையைப் பிடித்திருந்தவர் விற்பனைப் பிரதிநிதி இல்லை, நாட்டின் அதிபரே.

தடுக்கவே முடியாதா? முயன்றார்கள். 2016 அக்டோபரில் சனாவில் ஒரு துக்க வீட்டுக் கூட்டத்தின்மேல் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபின், ஒபாமா அரசு சவுதிக்குக் குறிதவறாக் குண்டுகள் விற்பதை நிறுத்தி வைத்தது. அடுத்த ஆண்டே டிரம்ப் அரசு அதைத் திறந்துவிட்டது. 2019 மே மாதம் அவசர நிலை என்று சொல்லி, நாடாளுமன்றத்தைத் தாண்டி 800 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆயுத விற்பனைக்கு வழிவிட்டார்கள். இரு அவைகளும் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. ஜூலையில் அதிபர் தன் தடை அதிகாரத்தால் (வீட்டோ) அவற்றை ரத்து செய்தார். அதை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், செனட்டில் கிடைக்கவில்லை.

அதே ஜூலையில் பாதுகாப்பு அமைச்சரானவர் மார்க் எஸ்பர். அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை ரேதியான் என்ற ஆயுத நிறுவனத்துக்காக அரசிடம் ஆதரவு திரட்டியவர். பிறகு ஆளும் கட்சி மாறியது, பைடன் நியமித்த லாயிட் ஆஸ்டினும் அதே நிறுவனத்தின் இயக்குநர் குழுவிலிருந்து வந்தவர்தான். இவர்கள் குற்றம் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நேற்றுவரை விற்றவர் இன்று வாங்கும் இடத்தில் உட்காருவது அங்கே யாரையும் திடுக்கிட வைப்பதில்லையே, அது எனக்குப் பயமாக இருக்கிறது.

2021 இறுதிக்குள் ஏமன் போர் சுமார் 3,77,000 உயிர்களைக் கொண்டுபோயிருக்கும் என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டம் மதிப்பிட்டது. பாதிக்கும் மேல் பசியாலும் நோயாலும் போனவர்கள்.

சரி, என்னதான் செய்யலாம்? இப்போதுள்ள அமெரிக்கச் சட்டப்படி நாடாளுமன்றம் மறித்தால்தான் விற்பனை நிற்கும். சம்மதித்தால்தான் விற்பனை என்று அதைத் தலைகீழாக மாற்றச் சொல்பவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். ஏனென்றால், பைடன் 2021இல் சவுதிக்குத் தாக்குதல் ஆயுதங்கள் விற்பதை நிறுத்தினார். 2024 ஆகஸ்டில் அவர் அரசே அந்தத் தடையை நீக்கிவிட்டது.