ஊசியைக் குறை சொல்லும் முன்

நேயர்களுக்கு வணக்கம். கார்புரேட்டரைப் பற்றிப் பேச ஒருவனை வானொலி நிலையத்துக்குக் கூப்பிடுவார்கள் என்பதை என் வீட்டில் யாரும் நம்பவில்லை. "பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள்" என்றேன். "உங்களுக்கு அது பீடிகைக்கே போதாதே" என்றாள் என் மனைவி. ஆகவே பீடிகை வேண்டாம். குமரிக் கடற்கரையில் முப்பது ஆண்டுகளாக வள்ளங்களின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு என்ஜின்களைப் பழுது பார்க்கிறவன் நான். பழைய என்ஜின்களில் பெட்ரோல் 'ஓவர்' ஆகிற, அதாவது அளவுக்கு மீறி உள்ளே போய்விடுகிற, தொல்லையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

கடலுக்குப் போகாத நேயர்களும் இருப்பீர்கள். உங்கள் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு பந்து மிதக்கும். தண்ணீர் ஏற ஏறப் பந்தும் ஏறும், ஏறியதும் குழாயை அடைத்துவிடும். அடைக்காவிட்டால் தண்ணீர் வழிந்து பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்குக் கொடுப்பது கார்புரேட்டர். அதன் அடியில் இருக்கும் சின்னக் கிண்ணமும் அப்படித்தான். பந்துக்குப் பதில் ஒரு மிதவை, அதன் முதுகில் ஓர் ஊசி. கிண்ணம் நிறைந்ததும் ஊசி போய்த் துளையை மூடவேண்டும். மூடாவிட்டால் பெட்ரோல் வழிந்து என்ஜினுக்குள் போகும், தீப்பொறி தரும் பிளக் நனையும், கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் என்ஜின் ஒரு தும்மல்கூடப் போடாது.

பிளக்கைக் கழற்றினால் ஈரம். காற்று உள்ளே போகிற கார்புரேட்டர் வாயில் சொட்டு. உடனே எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "ஊசி போய்விட்டது, மாற்று." இங்கேதான் எனக்குக் கோபம் வரும். ஊசி போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரு ஸ்குரூகூடக் கழற்றவேண்டாம். பெட்ரோல் குழாயின் நடுவே கையால் பிசைகிற ரப்பர் உருண்டை இருக்கிறதல்லவா? என்ஜினை நேராக நிறுத்திவைத்துக்கொண்டு அதைப் பிசையுங்கள். நாலைந்து பிசைவில் இறுகிவிட வேண்டும். இறுகியதும் நிறுத்திவிட்டு இரண்டு நிமிடம் காத்திருங்கள். இறுக்கம் அப்படியே இருந்து, கார்புரேட்டர் வாயிலும் சொட்டவில்லை என்றால் ஊசி தன் வேலையைச் செய்கிறது. பிசையப் பிசைய இறுகாமல், வாயில் பெட்ரோல் வழிந்தால் ஊசி மூடவில்லை. உருண்டையைப் பிசைந்து பார்க்காமல் யாரும் கார்புரேட்டரைக் கழற்றாதீர்கள். இதை இன்னும் இரண்டு முறையாவது சொல்வேன்.

இறுகிய பிறகும் ஆத்திரத்தில் பிசைந்துகொண்டே இருப்பவர்கள் உண்டு. அந்த அழுத்தத்தில் நல்ல ஊசியும் வழிவிட்டுவிடும். அது ஊசியின் குற்றமல்ல.

ஒரு சம்பவம் சொல்கிறேன். எனக்கே பெருமை தராத சம்பவம்தான். எங்கள் பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் இருந்தார். பெட்ரோலில் மட்டும் ஓடும் 9.9 குதிரைத்திறன் என்ஜின் வைத்திருந்தார். விடியற்காலையில் ஒரே இழுப்பில் கிளம்பும். ஒன்பது, பத்து மணிக்குக் கரை திரும்பி, மறுபடி மாலையில் வலை போடப் புறப்பட்டால் கிளம்பாது. பிளக் இரண்டும் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். என்ஜினைத் தோளில் தூக்கிவந்து என் கொட்டகையில் இறக்கினார். என் தொட்டியை மாட்டிப் பார்த்தேன், அருமையாக ஓடியது. ஆனாலும் நனைந்த பிளக்கைக் கண்ணால் பார்த்துவிட்டேனே! ஊசியை மாற்றிக் காசு வாங்கினேன். பத்தே நாளில் திரும்பி வந்தார். மறுபடி மாற்றினேன், இந்த முறை ஊசி உட்காரும் இருக்கையையும் சேர்த்து. மறுபடி காசு. மூன்றாம் முறை வந்தபோது என்ஜினைத் தூக்கிவரவில்லை, வெறுங்கையோடு வந்தார். "தம்பி, நீ போட்ட ஊசி காலையில் நல்ல ஊசி, சாயங்காலம் கெட்ட ஊசி. வந்து நீயே பார்த்துக்கொள்" என்றார்.

உச்சி வெயிலில் அவர் பின்னால் கடற்கரைக்குப் போனேன். வள்ளம் மணலில் கிடந்தது. என்ஜின் பின்பக்கம் தூக்கிச் சாய்த்துக் கட்டியிருந்தது. பெட்ரோல் தொட்டி வெயிலில், கையை வைத்தால் சுடுகிற சூட்டில். ரப்பர் உருண்டையைத் தொட்டுப் பார்த்தேன். காலையிலிருந்து யாரும் பிசையவில்லை, ஆனால் கல் மாதிரி இருந்தது. தொட்டி மூடியின் மேல் காற்றுக்கென்று ஒரு சின்னத் திருகு உண்டு. அதைத் தளர்த்தினேன். 'புஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு! என் கண்முன்னாலேயே உருண்டை இளகியது.

நடந்தது இதுதான். பெட்ரோல் ஆவியாகி வீணாகிவிடக் கூடாதென்று அவர் கரையேறியதும் காற்றுத் திருகை இறுக மூடிவிடுவார். சிக்கனக்காரர். குழாயை மட்டும் என்ஜினிலேயே விட்டுவிடுவார். வெயிலில் தொட்டிக்குள் ஆவி பெருகி, பெட்ரோலைக் குழாய் வழியே நெட்டித் தள்ளுகிறது. என்ஜினோ சாய்ந்து கிடக்கிறது. சாய்ந்த கிண்ணத்தில் மிதவை ஒழுங்காக மிதக்காது, ஊசி சரியாக உட்காராது. ஐந்தாறு மணி நேரம் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியிருக்கிறது. நான் மாற்றிய இரண்டு ஊசியும் நல்ல ஊசிகள்தான். கழற்றிப் போட்டவையும் நல்லவையாகத்தான் இருந்திருக்கும். அவர் என்ஜினைத் தூக்கிவந்தார், தொட்டியைத் தூக்கிவரவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து தொட்டியும் குழாயும் இல்லாமல் வருகிற என்ஜினை நான் தொடுவதில்லை. கரையேறியதும் குழாயைக் கழற்றிவிட்டுத் தொட்டியை நிழலில் வையுங்கள் என்றேன். அதற்கு அவர் காசு தரவில்லை. பழைய காசைத் திருப்பிக் கேட்காததே பெரிய தயவு.

அடுத்தது மண்ணெண்ணெயில் ஓடும் என்ஜின். எங்கள் கரையில் இது நிறைய உண்டு. பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரை நெருங்கும்போது மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி, கிண்ணத்தில் மிச்சமிருக்கும் மண்ணெண்ணெய் தீரும்வரை ஓட்டிவிட்டுத்தான் நிறுத்தவேண்டும். மீன் ஏலத்துக்கு ஓடுகிற அவசரத்தில் அதை மறந்துவிடுகிறார்கள். பெட்ரோல், பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரில்கூடப் பற்றும் அளவுக்கு ஆவி விடும். மண்ணெண்ணெய்க்கு 35, 40 டிகிரியாவது சூடு வேண்டும். விடியற்காலை என்ஜினுக்கு அந்தச் சூடு ஏது? உள்ளே போனது ஆவியாகாமல் பிளக்கில் எண்ணெயாகப் படியும். பார்க்கிறவர் 'ஓவர்' என்பார். முகர்ந்து பாருங்கள், மண்ணெண்ணெய் வாசனை வரும். ஊசியில் ஒரு குறையும் இருக்காது.

சரி, கடலில் வைத்தே ஓவர் ஆகிவிட்டால்? சோக்கை, அதாவது கார்புரேட்டர் வாயில் காற்றை அடைக்கும் தகட்டை, முழுதாகத் திறந்துவிடுங்கள். குழாயைக் கழற்றுங்கள். கியரை நடுவில் வைத்து, ஆக்சிலேட்டரை எவ்வளவு திறக்க முடியுமோ திறந்து, எட்டுப் பத்து முறை இழுங்கள். பற்றிக்கொண்டால் கத்தும், உடனே குறைத்துவிட்டுக் குழாயை மாட்டுங்கள். பற்றாவிட்டால் பிளக்குகளைக் கழற்றித் துடைத்து, பிளக் இல்லாமலே இழுத்து உள்ளே இருப்பதை வெளியேற்றுங்கள். அப்போது பெட்ரோல் புகையாகப் பீறிடும். பீடியை அணைத்துவிடுங்கள். தீப்பொறி வராமலிருக்க, அவசரத்துக்கு என்ஜினை நிறுத்துகிற சிவப்புக் கயிற்றின் கிளிப்பைக் கழற்றிவிடுங்கள். அந்தக் கயிறு இல்லாத பழைய என்ஜினில் பிளக் ஒயரின் முனையை என்ஜினின் உலோகத்தோடு சேர்த்து வையுங்கள். பிறகு கிளிப்பை மறக்காமல் திரும்ப மாட்டுங்கள். நான் ஒருமுறை மறந்துபோய், தோள்பட்டை கழன்றுவிடும் அளவுக்கு இழுத்திருக்கிறேன். தீப்பொறி இல்லாவிட்டாலும் பிளக் நனையத்தான் செய்யும். அதையும் 'ஓவர்' என்றுதான் சொல்வோம்.

உருண்டையைப் பிசைந்து பார்த்தீர்கள், உண்மையாகவே ஊசி மூடவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஸ்குரூடிரைவரின் பிடியால் கிண்ணத்தில் லேசாக இரண்டு தட்டு. ஒட்டிக்கிடக்கும் மிதவை அதிலேயே விடுபடலாம். இல்லையென்றால் இப்போது கழற்றுங்கள், இப்போது உங்களுக்கு உரிமை உண்டு. பெரும்பாலும் ஒரு மணல் துகளோ, பழைய குழாயின் உட்புறம் உதிர்ந்த கறுப்புத் தூளோ இருக்கையில் மாட்டியிருக்கும். ஊசி நுனியில் நகத்தை ஓட்டுங்கள், வளையமாகப் பள்ளம் தட்டுப்பட்டால் மாற்றவேண்டியதுதான். மிதவை பித்தளையானால் காதருகே குலுக்குங்கள், உள்ளே சலசலத்தால் ஓட்டை. ஓட்டை எங்கே என்று தெரிய வெந்நீரில் அமுக்கினால் குமிழி வரும். தக்கை மிதவையானால்...

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். என் மனைவி சொன்னது சரிதான். தக்கை மிதவைக்கு ஒரு வரி: மேற்பூச்சு போனால் அது பெட்ரோலைக் குடித்துக் கனத்துவிடும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். பழைய அரக்குப் பூச்சை எத்தனால் கரைத்துவிடும், பழைய ரப்பர் குழாய்க்கும் அது ஆகாது. இன்னொன்று, என்ஜினில் பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும் பம்பின் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்தால், கார்புரேட்டரைத் தொடாமலே பெட்ரோல் நேராக என்ஜினுக்குள் இறங்கும். உருண்டை இறுகவில்லை, ஆனால் கார்புரேட்டர் வாயோ உலர்ந்திருக்கிறது என்றால் அந்தச் சவ்வைப் பாருங்கள். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி, வணக்கம்.