அடக்கிப் பாடினால்தான் உண்மையா?

வணக்கம். பின்னால் நிற்பவர்கள் முன்னால் வாருங்கள், நாற்காலி நிறைய இருக்கிறது. தமிழ்க் கூட்டங்களில் முதல் வரிசை மட்டும் ஏன் எப்போதும் காலியாகவே கிடக்கிறது என்பது எனக்கு இன்னும் விளங்காத விஷயம்.

சினிமாப் பாட்டு வேண்டாம், வேறு ஏதாவது இசை பற்றிப் பேசுங்கள் என்று கேட்டார்கள். சரி, ஜூலியன் பேக்கர் என்று ஒருவர் இருக்கிறார், அவரைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். ஆணா பெண்ணா என்று கேட்டார்கள். பெண். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில், மெம்ஃபிஸ் பக்கம் வளர்ந்தவர், 1995இல் பிறந்தவர். தானே எழுதி, தானே பாடி, தானே கிட்டார் வாசிக்கிறவர். தன் வாழ்க்கையில் நடந்ததை, அதிலும் வெளியே சொல்லக் கூசுகிறதை எல்லாம், பாட்டில் போட்டு உடைக்கிறவர். இவருடைய மூன்றாவது ஆல்பம் 'லிட்டில் ஒப்லிவியன்ஸ்', 2021 பிப்ரவரியில் வந்தது. அதுவரை முணுமுணுப்புக்கும் முனகலுக்கும் நடுவில் பாடிக்கொண்டிருந்தவர் அந்த ஆல்பத்தில் டிரம்ஸ், பேஸ், கரகரக்கிற ஆர்கன் என்று எல்லாவற்றையும் அடுக்கிவிட்டார். இப்படிச் செய்ததால் அவருடைய உண்மை குறைந்துவிட்டதா, அதுதான் இன்றைக்குப் பேச்சு. குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் அவர் எங்கிருந்து தொடங்கினார் என்று சொல்கிறேன். 2015இல் முதல் ஆல்பம், 'ஸ்பிரெய்ன்ட் ஆங்கிள்'. ஒரு எலக்ட்ரிக் கிட்டார், ஒரு குரல், காலடியில் சில பெடல்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தப் பெடல்களில் ஒன்று லூப் பெடல். இதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: காலால் ஒரு தடவை மிதித்துவிட்டு நாலு சுரம் வாசித்தால் பெட்டி அதைப் பிடித்துக்கொள்ளும், மறுபடி மிதித்தால் அதையே திரும்பத் திரும்ப ஓட்டும், அதன்மேல் இன்னொரு வரிசையை வாசித்து ஏற்றலாம், அதன்மேல் இன்னொன்று. மேடையில் ஒரே ஆள்தான் நிற்பார், கேட்கும்போது மூன்று கிட்டார் கேட்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். 2017இல் இரண்டாவது ஆல்பம். பியானோ சேர்ந்தது, வயலின் சேர்ந்தது, ஆனால் டிரம்ஸ் மட்டும் கிடையாது.

இந்த இரண்டு ஆல்பங்களும் அவருக்கு ஒரு பெயரை வாங்கிக் கொடுத்தன. சின்ன வயதிலேயே போதைப் பழக்கத்தில் விழுந்து எழுந்தவர், தன்பாலீர்ப்பை மறைக்காதவர், அதே சமயம் கிறிஸ்துவ நம்பிக்கையையும் விடாதவர். பத்திரிகைக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? எந்தப் பேட்டியை எடுத்தாலும் இந்தக் கதைதான். இருபத்திரண்டு வயதுப் பெண்ணை மீண்டவர்களின் அடையாளமாக நிற்க வைத்துவிட்டார்கள். அப்புறம் என்ன ஆனது என்றால், அவர் மறுபடி விழுந்தார். 2019இல் கச்சேரிப் பயணங்களை நிறுத்திவிட்டு, பாதியில் விட்டிருந்த பட்டப்படிப்பை முடிக்கப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். அந்த ஆண்டின் கடைசியிலும் 2020இன் தொடக்கத்திலுமாக மெம்ஃபிஸில் உட்கார்ந்து பதிவு செய்ததுதான் இந்த ஆல்பம்.

முதல் பாட்டின் பெயர் 'ஹார்ட்லைன்'. தொடங்கும்போதே ஆர்கன் கரகரவென்று, ஸ்பீக்கர் கிழிந்த மாதிரி, காதில் மோதும். பழைய ரசிகர்கள் பலர் வால்யூமைக் குறைத்திருப்பார்கள். அதில் அவர் என்ன சொல்கிறார் தெரியுமா? இனிமேல் நான் நாசமாக்கப் போகிற எல்லாவற்றுக்கும் இப்போதே மன்னிப்புக் கேட்டு வைத்துவிடலாம், அப்படிக் கேட்டு வைத்துவிட்டால் எதை வேண்டுமானாலும் கெடுக்கலாம் அல்லவா என்கிறார். கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். தப்பை ஒப்புக்கொள்கிற பாட்டுகளை எழுதியே பெயர் வாங்கிய ஒருவர், ஒப்புக்கொள்வதே எனக்கு ஒரு சலுகைச் சீட்டாகிவிட்டது என்று சொல்கிறார். தன் தொழிலின் அடிமடியிலேயே கை வைக்கிறார். இதைப் பழைய மாதிரி ஒற்றைக் கிட்டாரோடு, தழுதழுத்த குரலில் பாடியிருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? ஐயோ பாவம் என்றிருப்போம். அந்த "ஐயோ பாவம்" வந்துவிட்டால் அவர் சொன்னது அத்தனையும் வீண். பின்பாதியில் டிரம்ஸ் இடித்துக்கொண்டு வரும்போது பாவப்பட நமக்கு இடமே கொடுக்கவில்லை அவர்.

மெல்லப் பாடினால் உண்மை, பலமாகப் பாடினால் நடிப்பு என்று ஒரு எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. 1965 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாடகர் பாப் டிலன் எலக்ட்ரிக் கிட்டாரோடு ஏறியபோது கூச்சல் போட்டவர்களிடமும் இருந்தது அதே எண்ணம்தான். அந்தக் கதை உங்களுக்குத் தெரியும், விட்டுவிடுகிறேன். ஆனால் அந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கொஞ்சம் பார்க்கலாம். பாடகர் நம் காதுக்குள் பேசுகிற மாதிரி இருக்கிறதே, அது எப்படி வருகிறது? பாடகர்கள் பயன்படுத்துகிற மைக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு குணம் உண்டு: வாயை மிக அருகில் கொண்டுபோனால் குரலின் அடிப்பகுதி தானாகவே கனக்கும். இந்த மைக்கையே நான் இப்படிக் கிட்டே பிடித்துப் பேசினால்... கேட்கிறதா? திடீரென்று வானொலி அறிவிப்பாளர் ஆகிவிட்டேன். அதன்மேல் கம்ப்ரெஸர் போட்டால் உரத்த இடங்கள் அமுங்கி, மூச்சு, எச்சில் விழுங்கும் சத்தம், விரல் கம்பியில் வழுக்கும் கீச்சு எல்லாம் மேலே வந்துவிடும். ஆக, நாம் நெருக்கம் என்று நினைப்பதில் பாதி ஸ்டுடியோவில் செய்தது. அதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. டிரம்ஸ் எவ்வளவு செயற்கையோ அதுவும் அவ்வளவு செயற்கைதான், அது தெரியாமல் இருப்பதுதான் அதன் சாமர்த்தியம் என்கிறேன்.

நமக்கு இது புதிதா என்ன? திருவாசகத்துக்கு உருகார் ஒரு வாசகத்துக்கும் உருகார் என்று சொல்கிறோமே, அந்தத் திருவாசகத்தில் மாணிக்கவாசகர் "யானே பொய் என்நெஞ்சும் பொய் என்அன்பும் பொய்" என்கிறார். பேக்கர் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த வரிதான் ஓடும். நான் கெட்டவன் என்று சொல்வது சுலபம். உன்மேல் எனக்கு இருப்பதாக நான் சொல்கிற அன்பும் பொய்யாக இருக்கலாம் என்று சந்தேகப்படுவதுதான் கஷ்டம். இதை ஓதுவார் ஒருவர் மோகனத்தில் தனியாகப் பாடிக் கேட்டிருப்பீர்கள். 2005இல் இளையராஜா அதே திருவாசகத்தை எடுத்து, புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து, கோரஸ் வைத்து ஒரு ஆல்பமாகவே போட்டார். அதில் 'பொல்லா வினையேன்' என்று தொடங்குகிற பகுதியைக் கேளுங்கள். ஒரு தனி மனிதனின் தாழ்வு, அத்தனை வயலினும் சேர்ந்து எழும்போது சின்னதாகிவிடவில்லை. எவ்வளவு பெரிய ஒன்றின் முன்னால் அவன் நிற்கிறான் என்பது அப்போதுதான் காதில் விழுகிறது.

(சினிமா வேண்டாம் என்றார்கள், இளையராஜா வேண்டாம் என்று சொல்லவில்லை.)

இன்னும் பக்கத்தில் வருகிறேன். இங்கே சிங்கப்பூரில் தைப்பூசத்தில் சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடு வரை காவடியோடு நடப்பவர்களைப் பார்க்கிறோம். நேர்த்திக்கடனைப் போல அந்தரங்கமான விஷயம் வேறு உண்டா? என்ன வேண்டிக்கொண்டார், எதற்காக அலகு குத்திக்கொண்டார் என்று கூட நடக்கிற சொந்தக்காரருக்கே பல நேரம் தெரியாது. ஆனால் அதற்கு எல்லாரும் கேட்பது உறுமி, தவில். ஊர்வலத்தில் இசைக்கருவிக்கு 1973 முதல் தடை இருந்ததும், பிறகு தளர்ந்து 2016இல் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்ததும் உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த இடங்களில் ஒன்றை நெருங்கும்போது காவடி எடுத்தவரின் காலைப் பாருங்கள். அதுவரை இழுத்து இழுத்து வைத்த கால், தாளம் காதில் விழுந்த மாத்திரத்தில் எழுந்துவிடும். வேண்டுதல் அவருடையது மட்டும்தான், ஆனால் சுமக்க அவருக்குச் சத்தம் வேண்டியிருக்கிறது.

எதிர்க்கட்சிக்கும் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது, அதை மறைத்துவிட்டுப் போக முடியாது. அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். 1982 ஜனவரியில் நியூஜெர்சியில் தன் வீட்டிலேயே, நாலு டிராக் கேசட் கருவி ஒன்றில், கிட்டாரும் மவுத் ஆர்கனுமாகப் பாட்டுகளைப் பதிந்து வைத்தார். பாண்டோடு மறுபடி செய்து பார்த்தார், சரியாக வரவில்லை, கடைசியில் அந்தக் கேசட்டையே 'நெப்ராஸ்கா' என்று ஆல்பமாக வெளியிட்டார். அதே சமயத்தில் வீட்டில் பதிந்த இன்னொரு பாட்டு 'பார்ன் இன் த யுஎஸ்ஏ'. வியட்நாம் போரிலிருந்து திரும்பி, வேலை கிடைக்காமல் அலைகிறவனின் புலம்பல். 1984இல் அது இடி போன்ற டிரம்ஸோடும் சிந்தசைசரோடும் வந்தது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? முஷ்டியை உயர்த்தித் தேசபக்திப் பாட்டு என்று கூடவே பாடினார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் அதிபர் ரீகன் நியூஜெர்சிக்கு வந்தபோது ஸ்பிரிங்ஸ்டீனின் பெயரைச் சொல்லிப் பேசுகிற அளவுக்குப் போனது. பல்லவியின் சத்தத்தில் சரணம் அடிபட்டுப் போனது. கனமான ஒலிக்கு இந்த ஆபத்து உண்டு, பேக்கரும் இதிலிருந்து முழுக்கத் தப்பவில்லை. இந்த ஆல்பத்தின் நடுவில் சில பாட்டுகள் ஒரே மாதிரிதான் ஏறுகின்றன: மெல்லத் தொடங்கும், நடுவில் நிமிரும், கடைசி நிமிடத்தில் எல்லாம் சேர்ந்து வெடிக்கும். மூன்றாவது தடவை வெடிக்கும்போது எனக்கு வார்த்தை காதில் ஏறவில்லை.

ஆனால் ஸ்பிரிங்ஸ்டீனுக்கும் இவருக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்த லூப் பெடலை மனதில் வைக்கச் சொன்னேன் அல்லவா? ஆல்பத்தின் பின்பக்க விவரத்தைப் படித்தால், கிட்டார் யார்? பேக்கர். பேஸ்? பேக்கர். டிரம்ஸ், கீபோர்ட், பாஞ்சோ, மாண்டலின்? அநேகமாக எல்லாமே பேக்கர்தான். 'ஃபேவர்' என்ற பாட்டில் அவருடைய தோழிகள் ஃபீபி பிரிட்ஜர்ஸும் லூசி டேகஸும் பின்குரல் கொடுக்கிறார்கள். மற்றபடி அந்தப் பெரிய பாண்ட் அநேகமாக முழுக்க ஒரே ஆள். அவர் கூட்டத்தில் போய் ஒளிந்துகொள்ளவில்லை, தன்னையே அடுக்கி ஒரு கூட்டமாக்கியிருக்கிறார். காலால் மிதித்து மூன்று கிட்டாரைக் கொண்டுவந்தவர் இப்போது ஸ்டுடியோ முழுவதையும் மிதித்திருக்கிறார், அவ்வளவுதான். தனிமை எங்கும் போய்விடவில்லை. அதற்குக் கை கால் முளைத்திருக்கிறது.

இதை ஏன் சிங்கப்பூரில் உட்கார்ந்து பேச வேண்டும்? இங்கே தமிழில் சொந்தமாக எழுதிப் பாடுகிற பிள்ளைகளைக் கொஞ்ச காலமாகக் கவனித்து வருகிறேன். கேட்கிற பாட்டில் பாதிக்கு மேல் ஒரு கிட்டார், ஒரு குரல், மெல்லிய ரீவெர்ப், அதாவது எதிரொலி. ஏனப்பா எல்லாரும் இப்படியே பாடுகிறீர்கள் என்று ஒரு தம்பியிடம் கேட்டேன். "அண்ணே, நாங்க இருக்கிறது வீவக அடுக்குமாடி வீடு, இந்தப் பக்கச் சுவருக்கு அந்தாண்ட கைக்குழந்தை, ராத்திரி பத்தரைக்கு மேல தும்மினாலே கதவைத் தட்டுவாங்க, இதுல எங்க டிரம்ஸ் அடிக்கிறது" என்றார். அவருடைய மென்மையான பாணியை ரொம்ப இயல்பு, ரொம்ப உண்மை என்று நாங்கள் நாலு பேர் பாராட்டிக்கொண்டிருந்தோம், அதில் பாதி பக்கத்து வீட்டுக்காரர் போட்ட இசையமைப்பு. ஜாமிங் ஸ்டுடியோவை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தால்தான் இவர்களுக்கு முழுத்தொண்டையில் பாடவே முடிகிறது. அங்கே போனதும் கத்தத் தெரியாமல் முழிக்கிறார்கள். எஸ்பிளனேட் கலை அரங்கின் பேபீட்ஸ் இசை விழாவில் ஒவ்வோர் ஆண்டும் உள்ளூர் பாண்டுகள் கூரையைப் பிய்க்கின்றன, அந்த மேடையில் தமிழில் அந்தக் கனத்தோடு தன் சொந்தக் கதையைப் பாடுகிற ஒருவரைக் கேட்க எனக்கு ஆசை. தமிழ் அதற்குத் தோதான மொழி. ஒப்பாரி வைத்த மொழிக்கு உரக்க அழ யாராவது சொல்லித்தர வேண்டுமா?

சரி, கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். நேராக 'ஹார்ட்லைன்' போடுங்கள், ஹெட்ஃபோன் வேண்டாம், நல்ல ஸ்பீக்கரில், பகலில். அப்புறம் 'ஃபெய்த் ஹீலர்'. போதையை விட்டவர் அதற்காக ஏங்குவதை இவ்வளவு கூச்சமில்லாமல் சொன்ன பாட்டு நான் அதிகம் கேட்டதில்லை. அப்புறம் 'சாங் இன் ஈ'. அதில் பாண்ட் முழுக்க எழுந்து போய்விடும், பியானோவும் குரலும்தான். பழைய பேக்கர் திரும்பி வந்துவிட்டார் என்று தோன்றும், ஆனால் முன்பின் பாட்டுகளின் இரைச்சலுக்கு நடுவில் வருவதால் அந்த அமைதிக்கு இப்போது வேறு எடை. முதல் ஆல்பத்தில் அமைதி அவருக்கு வசதி, இதில் அதைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார்.

இதற்குப் பிறகு அவர் இன்னும் சத்தமாகப் போனாரா என்று கேட்பீர்கள். 2023இல் பிரிட்ஜர்ஸ், டேகஸ் இருவரோடும் சேர்ந்து பாய்ஜீனியஸ் என்ற பெயரில் ஆல்பம் போட்டார், மறு ஆண்டு அதற்கு மூன்று கிராமி விருது கிடைத்தது, அதில் கிட்டார் இரைச்சலும் உண்டு, மூன்று குரல் ஒத்துப் பாடுகிற மென்மையும் உண்டு. 2025இல் டாரஸ் என்ற பாடகியோடு சேர்ந்து பாஞ்சோ, ஸ்டீல் கிட்டார் வைத்துச் சுத்தமான கண்ட்ரி ஆல்பம் ஒன்று. அதை நான் இன்னும் முழுதாக உள்வாங்கவில்லை, அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நேரமாகிவிட்டது, அரங்கத்தைப் பூட்ட ஆள் வந்து வாசலில் நிற்கிறார். கேள்வி இருந்தால் கேளுங்கள், மைக் அந்தப் பக்கம் வரும்.